மனிதர்கள் ஏன் உதவுகிறார்கள், ஏன் சில நேரம் கைகட்டி நிற்கிறார்கள்?

கேள்வி இது: மனிதர்கள் பிறருக்கு உதவுவது உண்மையான அக்கறையினாலா, இல்லை எல்லாமே மறைமுகச் சுயநலம்தானா? அக்கறைதான் என்றால், தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது ஐம்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது எப்படி?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உதவத் தூண்டுவது எது என்பது ஒன்று. தூண்டுதல் இருந்தும் கை நீளாமல் போவது ஏன் என்பது இன்னொன்று. முதலாவதை வைத்துத்தான் விடிய விடிய வாதம் நடக்கும். ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது. உதவும் எண்ணம் பெரும்பாலானவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது செயலாக மாறும் வழியில் எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்பதை உளவியல் சோதனைகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன.

பரிணாமப் பக்கத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். 1964-இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார். உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை இருவருக்கும் இடையிலான மரபணு நெருக்கத்தால் பெருக்குங்கள். வரும் விடை உதவுபவரின் இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் குணம் தலைமுறைகளில் பரவும். உடன்பிறந்தவர்களுக்கு அந்த நெருக்கம் 0.5. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கு 0.125. 'தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்பதைக் கணிதத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். உறவே இல்லாதவர்களுக்கு ஏன் உதவ வேண்டும் என்பதற்கு 1971-இல் ராபர்ட் டிரைவர்ஸ் பதில் சொன்னார்: இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. 1998-இல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் அதை இன்னும் நீட்டினார்கள்: நான் உனக்குச் செய்ததைப் பார்த்த மூன்றாமவர் நாளை எனக்குச் செய்வார். நல்ல பெயருக்கு இருக்கும் மதிப்பு இதிலிருந்து வருகிறது.

'அப்படியானால் எல்லாம் சுயநலம்தானே' என்று இங்கேயே முடிவு கட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். அது தவறு. ஒரு குணம் ஏன் நிலைத்தது என்பது வேறு, அந்த நேரத்தில் அந்த மனிதரை எது இயக்குகிறது என்பது வேறு. சாப்பிட உட்காருபவர் ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சரிசெய்யத் திட்டமிட்டு உட்காருவதில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறார். அழும் பிள்ளையிடம் ஓடுகிற தாய் 0.5-ஐ எதனாலும் பெருக்குவதில்லை. 2006-இல் பெலிக்ஸ் வார்னிகெனும் மைக்கேல் டோமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் 24 பேரைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துணி மாட்டும் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டாமல் தவிப்பார், அல்லது கை நிறையப் புத்தகங்களோடு மூடிய அலமாரியில் முட்டி நிற்பார். பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. 22 குழந்தைகள் ஒரு முறையாவது உதவின. நல்ல பெயர் என்றால் என்னவென்றே தெரியாத வயது அது.

பெரியவர்களிடம் இதைச் சோதிப்பது கடினம். அடுத்தவர் படும் வேதனையைப் பார்த்தால் நமக்கும் வலிக்கிறது. அந்த வலியைப் போக்கிக்கொள்ளத்தான் உதவுகிறோமா, அவர் வலியைப் போக்கவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல்தான். உளவியலாளர் டேனியல் பேட்சனும் குழுவினரும் 1981-இல் கண்டுபிடித்த வழி அழகானது: தப்பிக்கக் கதவைத் திறந்து வை, யார் போகிறார்கள் என்று பார்.

மாணவி ஒருவர் திரையில் எலேன் என்ற பெண்ணைப் பார்க்கிறார். எலேன் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வப்போது லேசான மின் அதிர்ச்சி கொடுக்கப்படும். மொத்தம் 10 சுற்று. உண்மையில் அது பதிவுசெய்த காட்சி, அதிர்ச்சியும் நடிப்பு. பார்ப்பவருக்கு அது தெரியாது. இரண்டாவது சுற்றுக்குள்ளேயே எலேன் துடித்துப் போகிறார். சிறு வயதில் குதிரையிலிருந்து மின்வேலிமேல் விழுந்ததாகச் சொல்கிறார். அப்போது சோதனை நடத்துபவர் மாணவியிடம் கேட்கிறார்: 'அவருடைய இடத்தில் நீங்கள் உட்கார முடியுமா?' பாதிப் பேருக்கு இரண்டு சுற்று பார்த்தால் போதும், மறுத்துவிட்டு எழுந்து போகலாம். மீதிப் பேர் மறுத்தால் 10 சுற்றையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். கூடவே, எலேனின் விருப்பங்களும் மதிப்பீடுகளும் தன்னுடையதைப் போலவே இருப்பதாகச் சிலருக்கும், நேர்மாறாக இருப்பதாக மற்றவர்களுக்கும் முன்பே காட்டியிருந்தார்கள். ஒத்துப்போனவர்களுக்கு எலேன்மேல் பரிவு அதிகம் வரும் என்பது எதிர்பார்ப்பு.

எலேனோடு ஒட்டாதவர்களில், எழுந்து போவது கடினமாக இருந்தபோது 64 சதவீதம் பேர் இடம் மாற முன்வந்தார்கள். எளிதாக இருந்தபோது 18 சதவீதம்தான். இவர்கள் தங்கள் சங்கடத்தைத்தான் போக்கிக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. எலேனோடு ஒட்டியவர்களிடம் கதையே வேறு: தப்பிப்பது கடினமானால் 82 சதவீதம், எளிதானால் 91 சதவீதம். கதவு திறந்தே இருந்தது, அவர்கள் போகவில்லை.

இன்னொரு உளவியலாளர் ராபர்ட் சியால்டினி இதை விடவில்லை. 1987-இல், பரிவு நம்மைச் சோகமாக்குகிறது, அந்தச் சோகத்தைத் துடைக்கத்தான் உதவுகிறோம் என்றார். 1997-இல், ஒருவர்மேல் பரிவு வரும்போது அவரும் நாமும் ஒன்று என்ற உணர்வு கலந்துவிடுகிறது, ஆக உதவி நமக்கே போய்ச் சேருகிறது என்றார். இந்தச் சண்டை முற்றாகத் தீரவில்லை. என் கணிப்பு: இரண்டு இயந்திரங்களும் உள்ளே இருக்கின்றன. ஒன்று சங்கடம், அது வழி கிடைத்தால் நழுவும். இன்னொன்று பரிவு, அது நழுவாது. ஒரே ஆள், ஒரே நாளில், இரண்டாலும் இயங்குவார்.

உதவுவதால் மகிழ்ச்சி கிடைக்கிறதே, அது சுயநலம் ஆகாதா என்று அடுத்த கேள்வி வரும். கிடைக்கிறது. பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990 வாக்கில் இதற்கு 'இதமான கதகதப்பு' என்ற பொருளில் பெயரே வைத்தார். 2008-இல் எலிசபெத் டன்னும் சகாக்களும் ஆட்களிடம் 5 அல்லது 20 டாலர் கொடுத்து அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்கென்று செலவழித்தவர்களைவிட அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதால் மாற்றம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அடுத்தவர் நலம்மேல் உண்மையிலேயே அக்கறை இல்லாதவருக்கு அவர் நன்றாக இருப்பது எப்படி மகிழ்ச்சி தரும்? மகிழ்ச்சி என்பது அக்கறைக்குக் கிடைக்கும் கூலி. அக்கறை இல்லாத இடத்தில் அந்தக் கூலியும் இல்லை.

சுயநலம் என்ற சொல்லுக்கே நாம் தேவையில்லாமல் பயப்படுகிறோம் என்றும் சொல்வேன். 1995-இல் ஆலன் ஓமோட்டோவும் மார்க் ஸ்னைடரும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய தன்னார்வலர்களை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நீண்ட நாள் தாக்குப் பிடித்தவர்கள் யார்? கற்றுக்கொள்ள வேண்டும், தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும், தன்மேல் மதிப்பு வர வேண்டும் என்று தனக்கான காரணங்களோடு வந்தவர்கள்தான். தன்னார்வலர்களை வைத்து அமைப்பு நடத்துபவர்கள், 'உங்களுக்கு இதில் என்ன வேண்டும்?' என்று முதல் நாளே கேட்பது நல்லது. அந்தக் கேள்வி யாரையும் அவமதிப்பதில்லை. கேட்காமல் விட்டால் ஆறு மாதத்தில் ஆளைக் காணோம்.

இனி, கூட்டம் ஏன் உறைந்து நிற்கிறது?

இந்த ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு பிழையான செய்தியிலிருந்து. 1964 மார்ச்சில் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஓர் இளம்பெண் இரவில் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. 2007-இல் ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகியோர் ஆவணங்களை எடுத்துப் பார்த்தபோது, 38 பேர் கண்ணால் கண்டு சும்மா இருந்தார்கள் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தியதால்தான் கொலையாளி முதலில் விலகிப் போனான். இரண்டாவது தாக்குதல் கட்டடத்துக்குள், பெரும்பாலானவர்கள் பார்க்க முடியாத இடத்தில் நடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். கதை பிழை, ஆனால் அதைப் படித்துவிட்டுப் பிப் லாட்டனேயும் ஜான் டார்லியும் செய்த சோதனைகள் பிழையில்லை.

முதல் சோதனையில் (1968) ஒவ்வொருவரும் தனியறையில் இருந்து மைக், ஹெட்போன் வழியே பேசுகிறார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் திக்கித் திணறுகிறது. கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில், வலிப்பு ஓய்வதற்குள் வெளியே ஓடி உதவி தேடியவர்கள் 85 சதவீதம். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தால் 62. இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்றால் 31. எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சோதனையாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. 'அவருக்கு ஒன்றுமில்லையே?' என்றுதான் முதலில் கேட்டார்கள். போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது புகை அறை. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள காற்றுத் துளை வழியே புகை வரத் தொடங்குகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இரண்டு பேரோடு உட்கார்ந்தவர்களில் பத்துக்கு ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விசிறிவிட்டு எழுதினார்கள். பிறகு விசாரித்தபோது நீராவி என்று நினைத்தேன், ஏ.சி.யிலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றார்கள். வெவ்வேறு குழுவைச் சேர்ந்த இரண்டு பேர், படிவத்தில் உண்மையை எழுத வைக்கும் வாயு என்று நினைத்தார்களாம்! ஆபத்தில் இருந்தது அவர்களுடைய சொந்த உயிர் என்பதைக் கவனியுங்கள். ஆக, இங்கே அடைபட்டது இரக்கம் இல்லை, புரிதல். மற்றவர் முகத்தில் பதற்றம் இல்லை, ஆகவே பதற ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்தவரும் இவரைப் பார்த்து அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

இவற்றிலிருந்து லாட்டனேயும் டார்லியும் ஐந்து படிகள் வகுத்தார்கள். நடப்பது கண்ணில் பட வேண்டும். அது அவசரம் என்று புரிய வேண்டும். செய்ய வேண்டியது நான்தான் என்று தோன்ற வேண்டும். என்ன செய்வது என்று தெரிய வேண்டும். கடைசியாக, துணிந்து செய்ய வேண்டும். ஏதாவது ஒரு படியில் வழுக்கினாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'மனிதாபிமானமே இல்லை' என்றுதான் தெரியும்.

முதல் படி வழுக்குவதற்கு அவசரம் ஒன்று போதும். 1973-இல் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் குனிந்து சரிந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். பாதிப் பேர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. தலைப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை. சிலர் அந்த மனிதரைத் தாண்டி அடியெடுத்து வைத்தே போனார்கள்.

இரண்டாவது படியில் ஒரு மோசமான குழி இருக்கிறது. 1976-இல் லான்ஸ் ஷாட்லண்டும் மார்கரெட் ஸ்ட்ராவும் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல் நடிக்க வைத்தார்கள். அந்தப் பெண் 'உன்னை எனக்குத் தெரியாது' என்று கத்தியபோது 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். 'உன்னைப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டேனே' என்று கத்தியபோது 19 சதவீதம்தான். கணவன் மனைவி சண்டை என்று தெரிந்ததும் கூட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. தெரியாத ஒருவர் உங்களைத் தாக்கும்போது 'காப்பாத்துங்க' என்பதோடு 'இவன் யாருன்னே எனக்குத் தெரியாது' என்றும் கத்துவது ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும்.

மூன்றாவது படியான பொறுப்புக்கு மருந்து மிக எளியது. 1975-இல் தாமஸ் மோரியார்ட்டி கடற்கரையில் ரேடியோ திருட்டை நடித்துக் காட்டினார். சொந்தக்காரர் எழுந்து போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நெருப்புப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், 20-இல் 4 பேர்தான் திருடனைத் தடுத்தார்கள். 'என் பொருளைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று கேட்டிருந்தால் 20-இல் 19 பேர். ஒரே ஒரு வாக்கியம், அதற்கு ஒரு தலையாட்டல்.

ஆகவே, கூட்டத்தில் நீங்கள் விழுந்துவிட்டாலோ, விழுந்தவருக்கு நீங்கள் உதவிக்கொண்டிருந்தாலோ, 'யாராவது வாங்க' என்று கத்தாதீர்கள். அந்த 'யாராவது' என்பவர் அங்கே இருக்க மாட்டார். ஒருவரைக் கண்ணுக்குக் கண் பாருங்கள், கையை நீட்டுங்கள், அடையாளம் சொல்லுங்கள், பிரச்சினையை ஒரு வரியில் சொல்லுங்கள், ஒரே ஒரு வேலை கொடுங்கள். 'நீல சட்டை அண்ணா, இவர் மூச்சு விடல. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க, பண்ணிட்டு என்கிட்டயே வந்து சொல்லுங்க.' அடுத்த வேலையை அடுத்தவருக்குக் கொடுங்கள்: 'மஞ்சள் பை வச்சிருக்கிற அக்கா, வாசல்ல நின்னு வண்டிக்கு வழி காட்டுங்க.' இதில் ஐந்து படிகளில் நான்கை நீங்களே அவர்களுக்காக ஏறி முடித்துவிடுகிறீர்கள். 'வந்து சொல்லுங்க' என்பதை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால், இன்னொருவர் போன் செய்திருப்பார் என்று அவரும் நினைக்க இடமிருக்கிறது.

நான்காவது படி வெறும் பயிற்சிதான். திடீரென்று விழுந்து, கூப்பிட்டாலும் தட்டினாலும் பதில் இல்லாமல், மூச்சும் சரியாக இல்லாத, வயது வந்த ஒருவருக்கு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். இதை ஒரு முறை பொம்மையில் செய்து பார்த்தவர் முன்னே வருவார். கேள்விப்பட்டது மட்டும் உள்ளவர் 'தப்பாகிவிட்டால்?' என்று பின்வாங்குவார்.

இந்த விளைவை அளவுக்கு மீறிப் பெரிதாக்கவும் கூடாது. 2019-இல் ரிச்சர்ட் பில்பாட்டும் சகாக்களும் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய ஊர்களின் கண்காணிப்பு கேமராப் பதிவுகளில் 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது. ஆய்வகத்தில் அளந்தது தனியொருவர் எழுந்து வரும் வாய்ப்பை. தெருவில் விழுந்தவருக்கு வேண்டியது யாரோ ஒருவர். இரண்டும் வேறு அளவுகள். தவிர, ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தால் தயக்கம் வெகுவாகக் குறைகிறது. இதைத் தெரிந்துகொள்வதற்கும் பலன் உண்டு: 1978-இல் ஆர்தர் பீமன் குழுவினர் கூட்டத்தின் தயக்கம் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, தரையில் விழுந்து கிடந்தவருக்கு அவர்களில் 43 சதவீதம் பேர் உதவினார்கள். பாடம் கேட்காதவர்களில் 25 சதவீதம்.

யாருக்கு உதவுகிறோம் என்பதிலும் மனம் நியாயமாக நடந்துகொள்வதில்லை. 1969-இல் இர்விங் பிலியாவின் குழுவினர் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவரைத் தடுமாறி விழ வைத்தார்கள். கையில் ஊன்றுகோல் இருந்தால் 65 முறையில் 62 முறை தானாகவே உதவி வந்தது. மது வாடையும் கையில் பாட்டிலும் இருந்தால் 38-இல் 19 முறை. அவராகவே தேடிக்கொண்டது என்று தோன்றினால் பரிவு கோபமாக மாறுகிறது, தற்செயலாக வந்தது என்றால் பரிவாகவே நிற்கிறது. 'நம்மவர்' என்ற கோடும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோட்டை நகர்த்த முடியும். 2005-இல் மார்க் லெவின் குழுவினர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களிடம் முதலில் தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு வழியில் ஒருவர் தடுக்கி விழுவார். அவர் சட்டை யுனைடெட் என்றால் 13-இல் 12 பேர் உதவினார்கள், லிவர்பூல் என்றால் 10-இல் 3 பேர். இன்னொரு சோதனையில் அணியைப் பற்றி இல்லாமல், கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி எழுத வைத்தார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்கும் 70 சதவீதம் உதவி. எந்த அணியின் சட்டையும் போடாதவருக்குத்தான் 22 சதவீதம். கோடு அழியவில்லை, கொஞ்சம் அகலமாயிற்று.

எண்ணிக்கை பெருகினால் மனம் இறுகுவது இன்னொரு கோளாறு. 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் ஆட்களிடம் 5 டாலர் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டின் 7 வயதுச் சிறுமி ரோக்கியா என்று படத்தோடு காட்டியபோது சராசரி 2.38 டாலர். லட்சக்கணக்கானவர்களின் பசியைப் புள்ளிவிவரமாகக் காட்டியபோது 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கூட வேண்டும் அல்லவா? 1.43-தான் வந்தது. எண்கள் வந்ததும் மனம் உணர்வதை விட்டுவிட்டுக் கணக்கு போடத் தொடங்குகிறது. இந்தச் சாய்வைப் பற்றி முன்கூட்டியே விளக்கியதும் விபரீதமாகத்தான் முடிந்தது: ரோக்கியாவுக்கான தொகை குறைந்தது, புள்ளிவிவரத்துக்கான தொகை ஏறவில்லை. நிதி திரட்டுபவர்கள் ஒரு முகத்தை வைத்துத் தொடங்கட்டும், அந்த முகத்தின் மேலேயே எண்களைக் கொட்ட வேண்டாம். கொடுப்பவர்கள் நேர்மாறாக, யாருக்கு எவ்வளவு என்பதை எந்த முகமும் எதிரில் இல்லாதபோது முடிவு செய்துகொள்வது நல்லது.

நாள் முழுக்க துயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற செவிலியர், நோயாளியைக் கவனிப்பவர் போன்றவர்களுக்கு ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் வலியைத் தானும் அனுபவிப்பது ஒன்று, அவர் நலமாக வேண்டும் என்று விரும்புவது இன்னொன்று. டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் நடத்திய பயிற்சிகளில், வலியை உள்வாங்கப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. பிறகு அன்போடு நலம் விரும்பப் பழகியபோது அது குறைந்தது, மூளையில் இயங்கிய பகுதிகளும் மாறின. 'எரிந்து போய்விட்டேன்' என்று சொல்பவர்களிடம் 'ரொம்ப இரக்கப்படாதே' என்று சொல்வது பாதி தவறான ஆலோசனை. அவர்கள் விட வேண்டியது முதலாவதை மட்டும்தான்.

காசு கொடுத்தால் உதவி கூடுமா? விடை சிக்கலானது. 2008-இல் ஸ்வீடனில் கார்ல் மெல்ஸ்ட்ரோமும் மாக்னஸ் யோஹானசனும் ரத்த தானத்துக்கான உடல் பரிசோதனைக்கு வர 50 குரோனா தருவதாகச் சொன்னபோது, முன்வந்த பெண்கள் 52 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைந்தார்கள். அதே தொகையைத் தொண்டுக்கு எழுதிவைக்கலாம் என்றதும் 53 ஆயிற்று. ஆண்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. இதை வைத்துப் 'பரிசு உதவியைக் கெடுக்கும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. பரிசு அட்டை கொடுத்து ரத்த தானத்தைக் கூட்டிய கள ஆய்வுகளும் உண்டு. சிறு தொகை, 'இவர் காசுக்காகச் செய்கிறார்' என்ற அர்த்தத்தைக் கொண்டுவந்து ஒட்டினால்தான் கெடுதல். குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். 20 மாதக் குழந்தைகளுக்கு உதவியதற்காகப் பொம்மை கொடுத்துப் பழக்கியபோது, பரிசு நின்றதும் அவை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின.

உதவி கேட்பவர்கள் செய்யும் பெரிய பிழை, கேட்காமலேயே இருப்பது. பிரான்சிஸ் பிளினும் வனேசா லேக்கும் (இப்போது போன்ஸ்) 2008-இல் இதை அளந்தார்கள். ஐந்து பேரைப் படிவம் நிரப்பச் சம்மதிக்க வைக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? சுமார் 20 என்று கணித்தார்கள், நடந்தது சுமார் 10. கேட்பவருக்குத் தன் சங்கடம் தெரிகிறது, எதிரில் இருப்பவருக்கு முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதில் இருக்கும் சங்கடம் தெரிவதில்லை. அதனால்தான் மின்னஞ்சலில் கேட்பதைவிட நேரில் கேட்பது பல மடங்கு பலிக்கிறது. 2017-இல் போன்ஸ் இன்னொருவரோடு செய்த ஆய்வில் அது 34 மடங்கு. குழு முழுவதற்கும் ஒரே செய்தி அனுப்புவது ஆகப் பலவீனமான வழி, அங்கே கூட்டத்தின் உறைதலும் சேர்ந்துகொள்கிறது. என்ன வேலை, எவ்வளவு நேரம், எதற்குள் என்று சொல்லுங்கள். 'முடியாவிட்டால் பரவாயில்லை, உங்கள் விருப்பம்' என்று சேர்ப்பது சம்மதத்தைக் குறைக்கும் என்று தோன்றும், உண்மையில் கூட்டுகிறது. பிரான்சில் பேருந்துக் கட்டணத்துக்குச் சில்லறை கேட்ட ஒரு சோதனையில் 10 சதவீதத்திலிருந்து 47.5 ஆக ஏற்றியது அந்த ஒரு வாக்கியம்தான். பிறகு நன்றியை மறக்காதீர்கள். ஆடம் கிராண்டும் பிரான்செஸ்கா ஜீனோவும் 2010-இல் செய்த ஆய்வில், நன்றி சொல்லப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் அடுத்து வந்த இன்னொருவருக்கும் உதவினார்கள். சொல்லப்படாதவர்களில் 25 சதவீதம்.

கடைசியாக, பெறுபவரின் பக்கம். கேட்காமல் வரும் உதவி, 'உனக்கு இது முடியாது' என்ற செய்தியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சமூக உளவியலாளர் ஆரி நாட்லர் இதைத்தான் இரண்டாகப் பிரிக்கிறார்: வேலையையே முடித்துக் கொடுப்பது, செய்யும் கருவியைக் கொடுப்பது. மயங்கிக் கிடப்பவருக்கு முதலாவது. கணக்கில் தடுமாறும் மாணவருக்கு இரண்டாவது. விடையைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடம் நிம்மதி, அடுத்த கணக்குக்கும் அவர் உங்களிடமே வருவார்.

எல்லோரும் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க.' துக்கத்திலோ நோயிலோ இருப்பவரிடம் இதைச் சொன்னால், என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்டால் தொல்லை ஆகாது என்று அளப்பது, இத்தனை வேலையும் அவர் தலையில் விழுகிறது. அதனால் அந்த போன் வரவே வராது. பதிலாக, வேலையையும் நேரத்தையும் நீங்களே சொல்லி, மறுக்க மட்டும் வழி விடுங்கள்: 'வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன். வேண்டாம்னா புதன்கிழமை ராத்திரிக்குள்ள ஒரு மெசேஜ் போடுங்க, போதும்.'